முதல் ஸ்டெப்

அப்பாவை வைத்திருந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படர்ந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது, பந்தலில் யாரோ பேசியது பூவிழியின் காதில் விழுந்தது.

"வண்டிதான் தூக்கிப் போட்டுடுச்சாம். மலை ரோட்டுல, வளைவுல."

"அவரு பொண்ணே யூடியூப்ல சொல்லுச்சே, இந்த வண்டி வளைவுல நிக்காதுன்னு. எம் பையன் காட்னான். மனுசன் கேக்கலியே."

துடைத்த கை நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவை எந்த வண்டியும் தூக்கிப் போடவில்லை. நெஞ்சுவலி. மலைமேல் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை நேற்றே சித்தப்பா போனில் சொல்லியிருந்தார். உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. எழுந்துபோய் அதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் யாருக்காகச் சொல்வது என்று தெரியவில்லை. அப்பாவுக்காகவா, வண்டிக்காகவா, தனக்காகவா? விடியற்காலையில் சென்னையிலிருந்து வந்து இறங்கியது முதல் எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை. அழுகைகூட வராமல், அடிக்கடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா புருஷோத்தமனுக்குத் தபால் இலாகாவில் வேலை. போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறி, அங்கிருக்கும் சின்னச் சின்னத் தபால் ஆபீஸ்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்குவார். இருபத்தாறு வருஷம், நான்கு மோட்டார் சைக்கிள். வண்டிப் பைத்தியம் மகளுக்கு அவரிடமிருந்துதான் தொற்றியது என்று ஊரே சொல்லும். அவள் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வண்டிகளை ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் ஒரு சேனலில் சேர்ந்தபோது, இலாகாவில் எல்லோருக்கும் போனில் அதைக் காட்டியவரும் அவர்தான்.

சண்டை வந்தது போன தை மாதம். புதிதாக வந்த ஒரு வண்டியை அவள் ஓட்டிப் பார்த்து, "வளைவுல பின்பக்கம் குதிக்குது, நம்பிக்கையே வரல" என்று சொன்ன வீடியோ அது. அன்று இரவே அப்பா போன் செய்தார்.

"பின்னாடி ஷாக்கு ஸ்பிரிங்கு எத்தினாவது ஸ்டெப்புல இருந்துச்சு?"

"தெரியலப்பா. கம்பெனில குடுத்த மாதிரியே ஓட்னேன்."

"அஞ்சு ஸ்டெப்பு கீதுல்ல? ரெண்டு பேரு, மூட்டை முடிச்சோட போறதுக்கு ஒண்ணு, ஒல்லியா ஒத்த ஆளு போறதுக்கு ஒண்ணு. அத்தப் பாக்காம இன்னாத்த ஓட்ன? பத்தாம் நம்பரு செருப்ப ஏழாம் நம்பரு கால்ல மாட்டிக்கினு, செருப்பு சரியில்லன்னு சொல்ற."

"அப்பா, வாங்கறவங்க யாரு அதத் திருப்பி வெச்சி ஓட்றாங்க? ஷோரூம்ல எப்படி வருதோ அப்படித்தான் நாங்களும் ஓட்டணும். அதுதான் நியாயம்."

"யாருக்கு நியாயம்?" என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த மாதமே போய் அதே வண்டியை வாங்கினார். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது பூவிழிக்கு.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. வீடியோ வந்து பத்து நாள் கழித்து, வண்டியைத் திருப்பி வாங்க வந்த கம்பெனிக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: அவள் ஓட்டியதற்கு முந்தின நாள் இரண்டு பேரை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள், அதற்காக அஞ்சாவது ஸ்டெப்பில் வைத்திருந்தார்கள், அப்படியே வந்துவிட்டது என்று. ஐம்பத்து நான்கு கிலோ எடையுள்ளவள் கட்டை மாதிரி இறுகிக் கிடந்த ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லியிருந்தாள். வீடியோவை அவள் மாற்றவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. "ஒரே ஒரு ஞாயித்துக்கெழம வா, நம்ம மலையில ஓட்டிப் பாத்துட்டு அப்பறம் திட்டு" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளிப்போட்டாள். வருகிற ஞாயிறு கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அவர் வியாழக்கிழமை போய்விட்டார்.

துண்டைக் கீழே வைத்துவிட்டுச் சித்தப்பாவிடம் போனாள். "வண்டி எங்க சித்தப்பா?"

"மலையிலயே நிக்குது. டீக்கடைக்காரம்மா பாத்துக்குது. காரியம் முடியட்டும், ஆள அனுப்பி எடுத்தாரலாம்" என்றார் சின்னராஜ்.

"நான் போய் எடுத்துட்டு வர்றேன்."

பக்கத்தில் இருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "இன்னாம்மா இது, அப்பன எடுக்கப் போற நாள்ல?" என்றாள் ஒருத்தி. ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா காந்தா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அத்தை பெங்களூர்லருந்து வர மூணு மணியாவும். போவட்டும், வுடு."

சித்தப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள். அடிவாரம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காற்று மாறியது. மேலே ஒரு பெரிய வளைவை ஒட்டித் தகரக் கூரை போட்ட டீக்கடை. பக்கத்தில் புளியமரத்தடியில், உரச்சாக்குகளைத் தைத்துப் போர்த்தி, காற்றில் பறக்காமல் கல்லும் வைத்து, வண்டி நின்றது.

கடைக்காரி செல்லம்மா இவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பொண்ணா? மூக்கு அவருதுதான்" என்றாள். "பனி எறங்குமேன்னுதான் போத்தி வெச்சேன். சைடு ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்ட கண்ணாடில மாட்டிட்டுத்தான் வந்து குந்தினாரு. தண்ணி கேட்டாரு. குடிச்சிட்டு, 'பானைத் தண்ணியா, ஜில்லுனு கீது'ன்னாரு. டீ போட்டுத் திரும்பறேன், செவுத்துல சாஞ்சிகினு கீறாரு. தூங்கறாருன்னு நெனச்சேம்மா."

பூவிழி சாக்கை விலக்கினாள். ஒரு கீறல் இல்லை. குனிந்து பின் சக்கரத்துப் பக்கம் பார்த்தாள். ஸ்பிரிங்கின் அடியில் படிப்படியாக வெட்டியிருக்கும் வளையம் முதல் ஸ்டெப்பில் நின்றது. இருப்பதிலேயே மெத்தென்றது. ஒல்லியான ஒத்தை ஆளுக்கானது.

அப்பா எண்பத்திரண்டு கிலோ. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரேஷன் கடைத் தராசில் ஏறி நின்று சிரித்தவர். அவருக்கு இது ஆகவே ஆகாது. ஒவ்வொரு பள்ளத்திலும் அடி தட்டும்.

"எனக்காகத்தான் வெச்சிருக்காரு" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "ஞாயித்துக்கெழம நான் வர்றதா சொல்லியிருந்தேன் சித்தப்பா."

சின்னராஜ் குனிந்து அந்த வளையத்தைப் பார்த்தார். "இருக்கலாம் பாப்பா," என்றார். பிறகு தயங்கி, "ஆனா அண்ணனும் எளச்சிட்டாரு. ஆறு மாசமா. பேன்ட்டுல்லாம் புடிச்சித் தெச்சிக்கினாரு. அறுவதுகூட இருக்கமாட்டாரு. உனக்கு அண்ணி சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. வீடியோ கால் செய்தால் அப்பா போனைத் திருப்பி மலையைத்தான் காட்டுவார்.

"எங்கிட்ட எதனா சொன்னாரான்னா," என்று செல்லம்மா தானாகவே ஆரம்பித்தாள், "நாலஞ்சு மாசமா இங்கதான் நிப்பாட்டுவாரு. இரும்புல எதையோ திருகுவாரு. அந்த வளைவு வரைக்கும் போவாரு, வருவாரு, மறுபடி திருகுவாரு."

"பொண்ணு வரப்போவுதுன்னு சொன்னாரா?" என்று கேட்டார் சின்னராஜ்.

"சொன்னாரு. வாராவாரம் சொல்வாரும்மா."

பூவிழி ஹெல்மெட்டை எடுத்து மாட்டினாள். அப்பாவுடையது. பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள்; வாரை அவரே கடைசிமட்டும் இழுத்து இறுக்கியிருந்தார்.

சித்தப்பா முன்னால் இறங்கினார். முதல் வளைவில் அவள் பிரேக்கை நம்பிப் போனாள். இரண்டாவதில் பிரேக்கை விட்டுவிட்டாள். வண்டி சாய்ந்தது, ரோட்டில் இருந்த ஒட்டுகளையும் குழிகளையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது, சொன்ன இடத்தில் போய் நின்றது. பின்பக்கம் குதிக்கவில்லை. உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. மூன்றாவது வளைவில் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை உணர்ந்ததும் வேகத்தைக் குறைத்தாள். அப்பா ஐஸ் பெட்டியில் கிடக்கும்போது, காமிராவுக்கு முன்னால் சொல்வதற்கான வாக்கியங்களை மனசு தானாகக் கோத்துக்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்பினாள். அதே வளைவில் மேலே ஏறி, மறுபடியும் இறங்கினாள். இந்த முறை வண்டியைக் கவனிக்கவில்லை. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் இங்கே எப்படிச் சாய்ந்திருப்பார் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தாள். தெரியவில்லை. மறுபடி திருப்பினாள்.

கீழே சித்தப்பா ஹாரன் அடித்துக் காத்திருந்தார். "இன்னா பாப்பா, எதனா வுட்டுட்டு வந்துட்டியா?"

"ஒண்ணுமில்ல சித்தப்பா. போலாம்."

வீட்டுக்கு வந்தபோது அத்தை வந்திருந்தாள். மேளக்காரர்கள் மேளத் தோலைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வண்டியை அவள் பந்தல் ஓரமாக சென்டர் ஸ்டாண்டு போடாமல், வெறும் சைடு ஸ்டாண்டில் நிறுத்தினாள். ஆண்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்தார்கள். ஒருவர் மட்கார்டைத் தடவிப் பார்த்தார். இன்னொருவர் குனிந்து சைலன்ஸரைப் பார்த்தார்.

"எங்க அடிபட்டுச்சு?"

"எங்கயும் படல," என்றாள் பூவிழி. "வண்டி விழவே இல்ல. நான் வீடியோவுல சொன்னது தப்பு."

அவர்களுக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை. தலையாட்டிவிட்டு மறுபடியும் மட்கார்டையே பார்த்தார்கள்.

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். தூக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றுக்காக யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் நேராக வண்டியிடம் வந்து நின்றாள்.

"ஓட்னியா?"

"ம்."

"எப்படி இருந்துச்சு?"

எத்தனையோ வண்டிகளைப் பற்றி அவளிடம் கேட்டிருக்கிறார்கள். அம்மா கேட்டதில்லை.

காந்தா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புடவையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, இன்னொரு கையால் பின்சீட்டுக் கம்பியைப் பிடித்து ஏறி, புருஷன் பின்னால் எப்போதும் உட்காருவதுபோல ஒருபக்கமாகக் கால்களைப் போட்டு உட்கார்ந்தாள். ஒத்தை ஆளுக்கென்று வைத்திருந்த ஸ்பிரிங் மெதுவாக அமுங்கி, இரண்டு விரற்கடை கீழே போய் நின்றது.