சுரண்டிவிட்டுப் போடவும்

எங்கள் வீட்டு ஜன்னலில் கால்கள்தான் தெரியும். தேய்ந்த ரப்பர் செருப்பு என்றால் பால்காரர். குதிகால் உயர்ந்த செருப்பு என்றால் கவுன்சிலரம்மா. வெள்ளை ஷூ என்றால் ரோடு காண்ட்ராக்டர். தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே தெருவில் எல்லோரையும் கணுக்கால் வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறேன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களை ஒரே ஒரு மழைக்கு எங்கள் வீட்டில் தங்க வைக்க வேண்டும்.

மாமா, அதாவது என் மாமனார், இந்த வீட்டைக் கட்டியபோது சுற்றிலும் பொட்டல். தண்ணீர் ஏறக்கூடாது என்று தரையை உயர்த்தி, வாசலில் மூன்று படி வைத்தார். மாடியைக் கட்ட மறந்துவிட்டு மாடிப்படியை மட்டும் கட்டிவிட்டார் என்று கேலி செய்தார்களாம். பிறகு நகரம் வீங்கி வீங்கி எங்கள் பக்கம் வந்தது. ஊராட்சியாக இருந்தது பேரூராட்சியானது, அப்புறம் நகராட்சியானது. ஊருக்குப் பதவி உயர்வு வரும்போதெல்லாம் தெருவுக்கு ஒரு ரோடு வந்தது. பழைய ரோட்டின் தலைமேலேயே புது ரோடு. படிகள் ஒவ்வொன்றாக உள்ளே போய், இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. எதிர் வீட்டுக்காரர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிட்டார். அவர் வாசல் தண்ணீரும் சேர்ந்து எங்களுக்குத்தான்.

மாமாவுக்கு ஒரு பக்கம் கை கால் விளங்காது. போன மழையில் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினோம். அப்படியும் சாக்கடையோடு கலந்து வந்த தண்ணீர் கட்டில் சட்டத்தை நனைத்தது. நல்ல கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது வடியும் வரைக்கும் கிடந்தார். இன்னொரு அடுக்கு ரோடு ஏறினால் அவரைத் தூக்கி எங்கே வைப்பேன்? வேறு வீட்டுக்குப் போகலாம் என்றால், இந்த ஊரில் இப்போது சொல்கிற வாடகைக்கு எனக்கும் கை கால் இழுத்துக்கொள்ளும்.

இதில் பெரிய கொடுமை, என் வீட்டுக்காரர் அதே காண்ட்ராக்டரிடம் ரோடு ரோலர் ஓட்டுகிறார். சொந்த வீட்டை மண்ணுக்குள் அழுத்துகிற வேலைக்குச் சம்பளம் வாங்கி, அந்த வீட்டுக்கே அரிசி வாங்கிப் போடுகிறார். எதைக் கேட்டாலும் "சார் சொன்னா சரி" என்பார். நாக்கில் சார் என்ற சொல்லை யாரோ தைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த முறை எங்கள் சுவரில் ஒரு தகரப் பலகையைச் சாய்த்து வைத்தார்கள். 'பழைய சாலையைச் சுரண்டிவிட்டுப் புதிய சாலை அமைக்கும் பணி' என்று எழுதியிருந்தது. ரோடு இனி உயராது என்ற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அவர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

வேலைக்கு முந்தின நாள், சுரண்டுகிற மெஷின் எப்போது வரும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். வராது என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒரு வார்த்தை கேளுங்களேன் என்றேன். சாரிடம் போய் எப்படிக் கேட்பது என்றார். அந்த நிமிஷம் அந்த மனுஷனை அவருடைய ரோலருக்கு அடியிலேயே தள்ளலாம் போல ஆத்திரம் வந்தது.

காலையில் டிப்பர் லாரி வந்ததும் நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்தேன். வெள்ளை ஷூ என் முன்னால் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை பெரிய ஷூவுக்கு மேல் இத்தனை சின்ன முகமா என்றிருந்தது. பலகையில் எழுதியிருப்பதைச் செய்யுங்கள் என்றேன்.

"சுரண்டற வேலையெல்லாம் எப்பவோ முடிஞ்சுதும்மா" என்றார்.

"எதை? ரோட்டையா, பணத்தையா?"

தெருவே சிரித்தது. அவர் முகம் இன்னும் சின்னதாகிவிட்டது. அவர் நீட்டிய போனில் கவுன்சிலரம்மா வந்து, ஊர் வளரும்போது நாலு பேர் கொஞ்சம் அனுசரித்துப் போகத்தான் வேண்டும் என்றார். அந்த நாலு பேர் ஏன் எப்போதும் நாங்களாகவே இருக்கிறோம் என்று கேட்டேன். போன் கட்டாகிவிட்டது. காண்ட்ராக்டர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, உன் சம்சாரத்தை உள்ளே கொண்டு போய் விடு, இல்லையென்றால் நாளையிலிருந்து வராதே என்றார்.

வீட்டுக்காரர் ரோலரிலிருந்து இறங்கி வந்தார். என் கையைப் பிடித்து இழுத்தார். "எந்திரி. தெருவுல மானத்தை வாங்காத" என்று கத்தினார். நான் நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அப்போது குனிந்து என் காதோரம் மெல்லச் சொன்னார்.

"எந்திரிக்காத. லாரியில இருக்கிற தார்க் கலவை சூடா இருந்தாத்தான் போட முடியும். ஆறிட்டா கல்லு. மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடி."

சொல்லிவிட்டு மறுபடி கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். கல்யாணமானதிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்து வீசினேன். நடிப்புதான், ஆனாலும் பாதிக்கு மேல் நிஜம். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

மத்தியானம் ஒரு தொழிலாளி லாரியில் ஏறி மண்வெட்டியால் குத்திப் பார்த்தார். டங்கென்று சத்தம் வந்தது. லாரி வந்த வழியே திரும்பிப் போனது. காண்ட்ராக்டர் என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார், காரில் ஏறினார்.

அடுத்த வாரம் சுரண்டுகிற மெஷின் வந்தது. மாமாவின் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி, அவரைப் பார்க்கச் சொன்னேன். மெஷின் எங்கள் சுவர் தொடங்குகிற இடத்தில் தொடங்கியது, சுவர் முடிகிற இடத்தில் நின்றது. அவ்வளவுதான். எங்கள் வீட்டு அகலத்துக்கு மட்டும் ஒரு பள்ளம். இரண்டு பக்கமும் பழைய ரோடு அப்படியே இருந்தது. அதன்மேல் புது அடுக்கு போடக் கலவை லாரியும் வந்து நின்றது. இனி தெருத் தண்ணீர் முழுவதும் விலாசம் தெரிந்து எங்கள் வாசலுக்கே வரும்.

"சுரண்டச் சொன்னீங்க. சுரண்டியாச்சு" என்றார் காண்ட்ராக்டர்.

அன்றைக்குச் சிரித்த தெருவைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோருக்கும் வீட்டுக்குள் அவசர வேலை வந்துவிட்டது. கோபத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. அதைப் பார்க்கக் காண்ட்ராக்டருக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதில் இன்னும் கோபம் வந்தது.

ரோலர் நின்றது. வீட்டுக்காரர் சாவியை உருவி இருக்கையில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் இறங்கினார். உள்ளே அப்பாவும் பிள்ளையும் ஏதோ பேசினார்கள். "தூக்குடா" என்று மாமாவின் குரல் கேட்டது. மாமா படுத்திருக்க, அப்படியே நானும் வீட்டுக்காரரும் கட்டிலைத் தூக்கினோம். வாசலில் திணறியபோது எதிர் வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ, ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார். கட்டிலைக் கொண்டு போய் அந்தப் பள்ளத்தில் போட்டோம்.

சுரண்டிய இடத்தில் மாமா கட்டிய மேல்படியின் ஓரம் வெளியே வந்திருந்தது. அவர் நல்ல கையை நீட்டி அதைத் தொட்டுக்கொண்டார்.

வெள்ளை ஷூ பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றது. கட்டிலை எடுக்கச் சொன்னார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்பிடு. தெரு முழுக்கச் சுரண்டு. அது வரைக்கும் கட்டில் இங்கதான் கிடக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

சார் என்ற சொல் அதில் இல்லை. காண்ட்ராக்டரும் அதைத்தான் தேடியிருப்பார். பிறகு அவர் திரும்பி லாரியைப் பார்த்தார். கலவையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

நான் உள்ளே போய் நாற்காலியை எடுத்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். கலவை ஆறிவிடும். எனக்கு ஆறாது.