குலுங்காத கோடு

அச்சகத்தில் அவருக்குக் கழுகுக்கண்ணர் என்று பட்டப்பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அச்சாகுமுன் பிழை பார்த்து மெய்ப்புத் திருத்துகிறவர். மூளை ஆய்வுக்கூடத்துக்குக் கதை எழுதிக் கொடுத்துவந்த அவர் மனைவி, இலக்கியப் பேராசிரியை, ஒருநாள் காலை அவரையே சோதனைக்கு அழைத்துவந்தாள்.

'மாமியார் தேநீர் ஊற்றினாள். மருமகன் கோப்பையை எடுத்துப் படிக்கட்டைக் குடித்தான்.' இப்படி ஏழெட்டு இடங்களில் வேண்டுமென்றே ஒவ்வாத சொல்லை நுழைத்திருந்தாள். அங்கே வந்ததும், வாசிப்பவருக்குச் சிரிப்பு வருமுன்பே மூளை துணுக்குறும். திரையில் மூளையலைக் கோடு குலுங்கும். இதுவரை வந்த நாற்பது பேருக்கும் குலுங்கியது.

கம்பிகள் முளைத்த தொப்பியோடு கணவர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் படித்தார். படிக்கட்டு வந்தது, போனது. கோடு அசையவில்லை.

"கம்பி கழண்டிருக்கும் மேடம்," என்றாள் கருவியை இயக்குபவள். எல்லாவற்றையும் சரிபார்த்து, வேறு கதையைப் போட்டாள். அதற்கும் அசைவில்லை.

மனைவி உள்ளே போனாள்.

"கதை எப்படிங்க?"

"உன் கதைக்கென்ன, பிரமாதம்."

"முதல் கதையில மருமகன் என்ன குடிச்சான்?"

அவர் சிரித்தார். "மாமியார் வீட்ல வேறென்ன கிடைக்கும்? டீதான்."

அவள் முதல் கதையின் தாளை எடுத்தாள். அந்தத் தாளையே நீட்டினாள். "இதுல ஏதாவது தப்பிருக்கா பாருங்க."

அவர் பென்சிலை எடுத்தார். படிக்கட்டைத் தாண்டிப்போய்க் கடைசி வரியில் வட்டமிட்டார். "இங்க ஒரு புள்ளி விட்டுப்போச்சு."

அவள் கதவைச் சாத்தினாள். "எப்போலேர்ந்து?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "ஆறு மாசமா. எழுத்தெல்லாம் தெரியுது. வரி முடியறதுக்குள்ள ஆரம்பம் போயிடுது."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"தப்பைப் பிடிச்சிட்டுத்தானே இருக்கேன்? ஆபீஸ்ல ஒருத்தருக்கும் சந்தேகம் வரல."

"அங்க இப்ப என்ன பார்க்கறீங்க?"

"மருந்து டப்பாவுக்குள்ள வைப்பாங்களே, எவ்வளவு சாப்பிடணும்னு, அந்தச் சீட்டு. நாலு மாசமா அது மட்டுந்தான். நான் கையெழுத்துப் போட்டாத்தான் மெஷின் ஓடும்."

அவள் அங்கேயே நின்று அச்சக மேலாளரை ஃபோனில் கூப்பிட்டு, அந்தச் சீட்டுகள் எங்கே என்று கேட்டாள்.

"எல்லாம் கடைக்கே போயாச்சும்மா," என்றார் அவர். "ஏன், சாருக்கு உடம்பு சரியில்லையா?"

"சார், அவர் பார்த்த ஒவ்வொரு சீட்டையும் வேற ஆளை வெச்சுத் திரும்பப் படிக்கணும். இப்பவே. கடையில இருக்கறதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்க."

மறுமுனையில் அச்சு இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு மேலாளர் யாரையோ உரக்க அழைத்தார். ஒவ்வொன்றாக அந்த இரைச்சல் அடங்கத் தொடங்கியது.