கம்பியை விடாத கை

தத்துவப் பேராசிரியர் தம் வலது கையை இழந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. கை போனதைக்கூட அவர் ஒருவாறு ஏற்றுக்கொண்டுவிட்டார். போன கை வலித்ததைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பேருந்து கவிழ்ந்த நொடியில் அவர் மேல்கம்பியை இறுகப் பற்றியிருந்தார். மருத்துவமனையில் கண் விழித்தபோது கம்பியும் இல்லை, முழங்கைக்குக் கீழே கையும் இல்லை, பிடி மட்டும் இருந்தது. இல்லாத விரல்கள் மடங்கியபடியே இருந்தன. இல்லாத நகங்கள் இல்லாத உள்ளங்கையை இரவு பகலாகக் கிழித்துக்கொண்டிருந்தன.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் முதலாண்டு மாணவர்களுக்கு ஐயத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவர். கண் சொல்வது பொய்யாகலாம், உடம்பே கனவாகலாம், ஐயப்படும் மனம் ஒன்றுதான் மிச்சம் என்று அவர் அடித்துச் சொல்வார். அந்த மனமே இப்போது அவருடைய பேச்சைக் கேட்கவில்லை. கையில்லை என்று அதற்கு எத்தனையோ முறை எடுத்துச் சொல்லிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

விடுப்பு முடிந்து கல்லூரிக்குப் போன முதல் நாள், பதினோராவது நிமிடத்தில் வியர்த்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதல்வர் மிகவும் பண்பானவர். மூன்று வாரம் ஓய்வெடுங்கள், அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் நின்று பாடம் நடத்த இயலாவிட்டால் நூலகப் பொறுப்பு இருக்கிறது என்று தோளைத் தொட்டுச் சொன்னார். வகுப்பறை இல்லாத வாழ்வைப் பேராசிரியரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"ஏங்க, காலு வலின்னா தேய்ச்சு விடுவேன். இல்லாத கைக்கு எங்கேன்னு தைலம் போடுறது?" என்றாள் மனைவி. முன்னறையில் தையல் கடை நடத்துபவள் அவள். கணவருடைய ஒன்பது சட்டைகளின் வலக்கையையும் அவளே வெட்டி, ஓரம் மடித்து, யாரும் குறை சொல்ல முடியாதபடி தைத்திருந்தாள். வெட்டிய துண்டுகளை எறிய மனம் வராமல் ஒரு பையில் போட்டு வைத்திருந்தாள்.

மாடியறையில் அவளுடைய தங்கை குடியிருந்தாள். பகலில் புகைப்பட நிலையத்துக்குப் பின்திரை வரைவாள். மாலையில் தனக்காக வரைவாள். தனக்காக வரைந்தவற்றுக்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது. கண்ணாடி போட்ட மீன், மழைக்குக் குடை பிடிக்கும் ஏணி, வயிற்றுக்குள் வானத்தை வைத்திருக்கும் நாற்காலி. கனவில் வருவதுபோல் வரைகிற வகை அது என்பாள். பேராசிரியர் விடமாட்டார்.

"சின்னவளே, அந்த மீனுக்குப் பவர் எவ்வளவு?"

"உங்க பவர்தான் அத்தான். தண்ணிக்குள்ளயே இருந்துக்கிட்டு தண்ணி இருக்கான்னு கேக்குதே, அதுலயே தெரியலையா?"

மூன்று வாரத்தில் ஒரு வாரம் வலியிலேயே போயிற்று. எட்டாம் நாள் காலை அவர் பல்லைக் கடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றதை மாடிப்படியிலிருந்து பார்த்த சின்னவள், இறங்கி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அத்தான், இல்லாததை நான் வரையிறேன். இல்லாதது உங்களுக்கு வலிக்குது. ரெண்டு பேரும் ஒரே ஊர்க்காரங்க மாதிரிதான். உங்க கையை வரைஞ்சு பாக்கட்டுமா?"

சிரிக்கத்தான் நினைத்தார். வலி சிரிக்க விடவில்லை. "வரை" என்றார்.

நான்கு நாளில் படம் முடிந்தது. கடல் நடுவே ஒரு பேருந்துக் கம்பி. அதைப் பற்றிய ஒரு முஷ்டி. மோதிர விரலின் பழைய தழும்புகூட விடுபடவில்லை. அவருக்கு வலப்புறம் மேசைமேல் அதை நிறுத்தினாள். பேராசிரியர் நெடுநேரம் பார்த்தார்.

"யார் கை இது?"

"உங்களோடதுதான். எத்தனை வருஷமா எதிர்ல உக்காந்து நீங்க டீ கிளாஸ் பிடிக்கிறதைப் பாக்குறேன்."

"அதான் தப்பு. நீ எதிர்ல உக்காந்தவ. நான் எதிர்ல உக்காரல."

தையலை விட்டு எழுந்து வந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "ஆமாண்டி. யாரோ இவரைக் குத்த வர்ற மாதிரில்ல இருக்கு."

ஓவியப் பள்ளியில் தங்கை வரைந்த கைகள் அத்தனையும் எதிரே அமர்ந்திருந்தவர்களின் கைகள். உடையவன் தன் கையை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறான் என்று அவள் ஒருபோதும் கேட்டுக்கொண்டதில்லை. பேராசிரியரோ சூடேறிப் பேசிக்கொண்டே போனார்: கட்டை விரல் மேலே இல்லை, ஆள்காட்டி விரலுக்கு அடியில் சிக்கியிருக்கிறது, மணிக்கட்டு உள்பக்கம் முறுகியிருக்கிறது, நடுவிரல்தான் எல்லாவற்றையும்விட அழுத்துகிறது.

"இல்லாத கையைப் பத்தி இவ்வளவு நிச்சயமா சொல்றீங்க," என்றாள் மனைவி. "சந்தேகமெல்லாம் எங்கங்க போச்சு?"

திருமணமான நாள் முதல் விவாதத்தில் அவள் அவரை வென்றது அதுவே முதல் முறை. அவள் அதைக் கொண்டாடாமல் டீ போடப் போய்விட்டாள்.

மறுநாள் சின்னவள் அவருடைய கண்ணாடியை வாங்கித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு, அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து வரையத் தொடங்கினாள். இம்முறை படத்தின் இடது ஓரத்தில் மூக்கின் பக்கவாட்டுப் பகுதி மங்கலாகத் தெரிந்தது, அதன்மேல் கண்ணாடியின் விளிம்பு. அங்கிருந்து கீழே பார்த்தால் மேசை, மேசைமேல் நீண்டு கிடக்கும் முன்கை, அதன் புறங்கை, கம்பி. அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு விரலாகத் திருத்தினார். அவள் சுரண்டிச் சுரண்டி மறுபடி வரைந்தாள். துணியில் வரைந்த அந்தப் படத்தை மேசைமேல் படுக்க வைத்து, அவருடைய குறைக்கையின் நுனியில் பொருத்தினார்கள்.

மனைவி தையல்காரியின் கண்ணோடு பார்த்தாள். "இடைவெளி தெரியுது."

பையைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். அவர் போட்டிருந்த நீலச் சட்டையின் கைத்துண்டைத் தேடி எடுத்து, ஒரு நுனியை அவருடைய சட்டையோடும் மறு நுனியைப் படத்தின் மணிக்கட்டோடும் ஒட்டுத்தையல் போட்டு இணைத்தாள். துணி எங்கே முடிகிறது, சாயம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

பேராசிரியர் குனிந்து பார்த்தார்.

"என்னோடது," என்றார்.

வலி மட்டும் அப்படியே இருந்தது. விரல்களை விரித்து வரைந்துவிடு என்றாள் அக்காள். தங்கை ஒப்பவில்லை. "திடீர்னு விரிச்சா அத்தானோட மனசு பொய்யின்னு கண்டுபிடிச்சிரும். சந்தேகப்படுறதுல அது பெரிய ஆளு. கையைத் தொடக் கூடாதுக்கா. கம்பியை மாத்துவோம்."

இரும்பை வேறொன்றாக்குவது அவளுக்குக் கைவந்த கலை. முதல் நாள் கம்பியின் மேற்பக்கம் துருவுக்குப் பதிலாகப் பாசி படர்ந்தது. மறுநாள் அது ஈரக்கயிறு ஆயிற்று. இரண்டு முறையும் பேராசிரியர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்தால் வகுப்பு. காலை முழுவதும் சின்னவள் வரைந்தாள். கயிறு கரைந்து, அவருடைய முஷ்டிக்குள் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய நீர்த்தாரை இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விரலிடுக்கிலும் அது வழிந்தது.

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே, வகுப்பில் தமக்குத் தாமே வினா எழுப்பிக்கொள்ளும் குரலில் மெல்லச் சொன்னார்: "தண்ணியை எதுக்குப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்?"

முன்னறையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"சுண்டு விரல்," என்றார்.

இயந்திரம் நின்றது.

"சுண்டு விரல் விட்டுருச்சு. மோதிர விரலும்... இரு, இரு, யாரும் பேசாதீங்க. நடுவிரல்." அவருடைய நெற்றியில் ஏழு மாதமாகக் கிடந்த முடிச்சு எல்லோரும் பார்க்கவே தளர்ந்தது. கட்டை விரல் கடைசியாக விட்டது. அவர் நாற்காலியில் சாய்ந்து, இல்லாத உள்ளங்கையில் காற்றுப் படுவதை உணர்ந்தார். மனைவி வாசற்படியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். தங்கை தூரிகையை வாயில் கவ்வியபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உதடெல்லாம் நீலம்.

"சின்னவளே, உன்னோட படத்தை இனிமே கிண்டல் பண்ண மாட்டேன்."

"பண்ணுங்க அத்தான். இல்லாட்டி எனக்குப் பொழுது போகாது."

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் வகுப்பில் நுழைந்தபோது, மாணவர்கள் அவருடைய நாற்காலியை முன்கூட்டியே இழுத்து வைத்திருந்தார்கள். அவர் அதைச் சுவரோரம் தள்ளிவிட்டு நின்றார். இடக்கையால் கோணல்மாணலாகக் கரும்பலகையில் 'உடம்பு' என்று எழுதி, தமக்கு நேர்ந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொல்லத் தொடங்கினார். பதினோரு நிமிடம் கடந்தது, அவர் கவனிக்கவில்லை.

கடைசி வரிசைப் பெண் ஒருத்தி தயங்கி எழுந்தாள். "சார், அப்போ அந்தக் கை இருக்கா, இல்லையா?"

"அது எனக்கு இன்னமும் தெரியாதும்மா. ஆனா இப்போ விரிஞ்சிருக்கு. அது மட்டும் சத்தியம். இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்குன்னுதான் இந்த வருஷம் முழுக்கப் பாக்கப் போறோம்."

மணி அடித்தது. வகுப்பில் ஒருவரும் எழவில்லை. தாழ்வாரத்தில் வந்து நின்ற முதல்வர் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். உள்ளே பேராசிரியர் நிமிர்ந்து நின்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவதைக் கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.