எல்லோரும் ஆசிரியர்

காலை ஒன்பது பத்து. செய்முறைத் தேர்வு பத்து மணிக்கு.

நசீரா ஆய்வகக் கணினியில் ஒரு மாணவர் கணக்கில் நுழைந்து வினாத்தாளைத் திறக்கப் பார்த்தாள். திறக்கக் கூடாது. திறந்தது.

வேறொரு மாணவர் கணக்கில் முயன்றாள். அதிலும் திறந்தது.

உத்திரமேரூரில் அந்தத் தனியார் பாலிடெக்னிக்கில் அவள் ஒப்பந்த ஊழியர். வினாத்தாளைக் காக்கும் சி நிரலை எழுதியவள் அவள்தான். கேட்பவர் ஆசிரியர் குழுவில் இருந்தால் மட்டும் நிரல் தாளைக் காட்ட வேண்டும். நேற்று அதை ஆசிரியர் கணக்கில் மட்டுமே சோதித்தாள். அங்கே எல்லாச் சோதனையும் அப்படித்தான். மாணவர் கடவுச்சொல்லைத் தேடி எடுக்க யாருக்கும் பொறுமை இல்லை.

நிரலைப் படித்தாள். getgrgid. குழுவின் எண்ணைக் கொடுத்தால், அதன் பெயர் இருக்கும் இடத்தைச் சொல்லும் செயற்கூறு. முதலில் தாளுக்கு உரிய குழுவுக்காக அதை அழைத்திருந்தாள். அடுத்து, கேட்பவரின் குழுவுக்காக. பிறகு இரண்டு பெயர்களையும் ஒப்பிட்டிருந்தாள்.

அந்தச் செயற்கூறு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் எழுதும். இரண்டாவது பெயர் வந்ததும் முதல் பெயர் அழிந்துவிடும். முதல் பெயரை நகலெடுத்து வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. நிரல் ஒரு பெயரை அதே பெயரோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. யார் வந்தாலும் பொருந்தியது.

நகலெடுக்கும் வரியைச் சேர்த்தாள். மாணவர் கணக்கில் மறுபடி பார்த்தாள். அனுமதி இல்லை என்றது.

ஆய்வகப் பொறுப்பாளர் தினகரன் டீ டம்ளரோடு வந்தார்.

"இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துப் போய் கீது? நாஷ்டா துன்னியா இல்லியா?"

சொன்னாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்ல வாட்ச்மேனைப் போட்ட போ. வர்றவன் போறவனை எல்லாம் வாத்தியாருன்னு உள்ள வுட்டுக்கினு இருந்திருக்குது."

"இப்ப சரி பண்ணிட்டேன் சார்."

"இப்ப பண்ணி இன்னா? நேத்து சாயங்காலமே தாளை ஏத்திட்டேன். பசங்க லேப்லதான் இருந்தாங்க. எவன் தொறந்தான்னு தெரியுமா?"

"அதை எழுதி வைக்கிற மாதிரி நான் பண்ணலை சார்."

"வேற தாள் போட்டுக்கலாம். ஆனா பிரின்ஸிபால் வுட மாட்டாரு. ஒவ்வொருத்தரா நிக்க வெச்சு கேப்பாரு. மாட்டினா இந்த வருஷம் கோவிந்தா." கதவருகில் நின்று திரும்பினார். "உன் தங்கச்சி இருந்துச்சே நேத்து?"

"இருந்தா சார்."

"பூட்டு போட்டது அக்கா, உள்ள போனது தங்கச்சின்னு பேசுவாங்கம்மா."

போய்விட்டார்.

வராந்தாவில் மாணவர்கள் முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை இர்பானா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம் மூடியிருந்தது. ஒன்றும் மண்டையில் ஏறவில்லை என்று இந்த வாரம் முழுக்க வீட்டில் அழுதவள்.

நசீரா அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப் போனாள்.

"இன்னாக்கா, உனக்குத்தான் எக்ஸாம் மாதிரி வேர்த்துக் கொட்டுது?"

அலுவலகக் கதவு திறந்தது. பிரின்ஸிபால் வெளியே வந்தார். பின்னால் தினகரன். நசீரா குரலைத் தாழ்த்தினாள்.

"இர்பானா, என்னைப் பார்த்துச் சொல்லு. நேத்து நீ அந்தத் தாளைத் தொறந்தியா?"