ஐஸ் பெட்டிச் சோறு

சீதேவியின் வீட்டுப்படி ஐஸ் போட்ட மீன் ஏறியதே கிடையாது. வாவிக்கரையில் குடியிருந்துகொண்டு, புருசன் யோகராசா விடிய வலை வீசிக் கொண்டுவரும் மீன் துள்ளத் துள்ளச் சட்டிக்குள் போகிற வீட்டில், ஐஸ் மீன் வாங்குவதென்றால் அது குடும்பத்துக்கே கேவலம். அப்படிப்பட்ட வீட்டுக்கு, கல்லடி ஊரில் அக்கம்பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, மோட்டார் சைக்கிளில் ஐஸ் சோறு வந்து இறங்கினால் அவளுக்கு எப்படி இருக்கும்?

கொழும்பில் வேலை செய்யும் மகள் விதுர்ஷாவைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"எங்கட வீட்டில அடுப்பில்லையா மகள்? எனக்குக் கையில்லையா? ஊர் பார்த்துச் சிரிக்கிற மாதிரி அப்பாவுக்குக் கடைச் சாப்பாடு குடுக்கச் சொல்றியா?"

"கடைச் சாப்பாடில்லம்மா. சீனி வருத்தக்காரருக்கெண்டே அளந்து சமைச்சு, ஐஸில உறைய வெச்சு அனுப்புறாங்க. ஒரு மாசத்துக்குப் பதிஞ்சிட்டன். உங்களுக்கு அப்பாட விரல் வேணுமா, உங்கட கைப்பக்குவம் வேணுமா?"

சீதேவி போனை வைத்தாள். விரல்தான் வேண்டும். அதில் என்ன சந்தேகம்?

கதை இதுதான். வலையில் அகப்பட்ட ஒரு கெழுத்தி, சாகப்போகிற ஆத்திரத்தில் யோகராசாவின் கால் பெருவிரலில் முள்ளை ஏற்றிவிட்டது. கெழுத்தி குத்தாத மீன்காரன் உலகத்தில் உண்டா? மஞ்சளை அப்பிவிட்டு மறுநாளும் தோணி ஏறினார் மனுசன். ஆனால் உடம்பில் சீனி ஏறிக் கிடந்ததால் புண் ஆறுவதாக இல்லை. விரல் வீங்கி, ஓரத்தில் கறுப்பு விழுந்தது. மகளின் வற்புறுத்தலில் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. சீனி இறங்கிப் புண் ஆறத் தொடங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார்.

ஒரு விரல்தானே என்று மற்றவர்கள் சொல்லலாம். தோணியின் முன்முனை அணியத்தில் நின்று வீச்சுவலை எறிகிறவனுக்குப் பிடிமானமே அந்தப் பெருவிரல்தான். அதைப் பலகையில் ஊன்றித்தான் உடம்பைச் சுழற்றி வலையை விரிப்பான். விரல் போனால் யோகராசா கரையில் உட்கார்ந்து மற்றவனின் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். 

பெட்டிகளைக் கொண்டுவந்தவர் றிஸ்வி. காத்தான்குடியில் இந்தச் சமையலைத் தொடங்கியவள் நஸ்ஹா. றிஸ்வி அவளுடைய கணவர். சமைப்பது அவள், சுமப்பது இவர். கல்லாக உறைந்த பெட்டிகளை எண்ணி பிரிட்ஜுக்குள் அடுக்கிவிட்டு, "நேரத்துக்கு ஒண்டு அக்கா. சட்டியில போட்டுச் சூடாக்கினாச் சரி. வெறும் பெட்டிகள அடுத்த கிழமை எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் சீதேவி ஒரு பெட்டியைத் திறந்தாள். ஒரு மூலையில் ஒரு பிடி தவிட்டரிசிச் சோறு. இன்னொரு மூலையில் ஒரு துண்டு மீன். மிச்ச இடமெல்லாம் இலையும் பயறும் பயற்றங்காயும்.

"இஞ்ச வந்து பாருங்க, காகத்துக்கு வெச்ச மாதிரி இரிக்கு!"

யோகராசா எட்டிப் பார்த்தார். "மருந்துதானே புள்ள. மருந்தெண்டா கொஞ்சமாத்தான் இரிக்கும்."

அந்த வார்த்தை சீதேவியின் மனதில் பசை போட்டு ஒட்டிக்கொண்டது. ஓம், மருந்து! கிளினிக்கில் தந்த குளிசைகளைச் சாப்பாட்டோடு எடுக்கவேண்டும் என்றுதானே சொல்லியிருக்கிறார்கள்? வெறும் வயிற்றில் எடுத்தால் தலை சுற்றும் என்று எத்தனை முறை சொன்னார்கள்! அவள் உலையை ஏற்றினாள். வழக்கம்போல ஆவி பறக்கும் சோற்றைப் பீங்கானில் குவித்து, நடுவில் குழி பறித்து, பெட்டியில் இருந்ததையெல்லாம், அந்த ஒரு பிடிச் சோறு உட்பட, சூடாக்கி அதன்மேல் கவிழ்த்தாள். யோகராசா பிசைந்து ஒரு வாய் வைத்தார். கண் விரிந்தது.

"சும்மா செல்லப்படாது, மீனுக்கு நல்ல கொறுக்காப்புளி விட்டிரிக்கா. இன்னும் கொஞ்சம் சோறு போடு புள்ள."

சீதேவிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. முப்பது வருசமாக ஆக்கிப் போட்டவளிடம் ஒரு நாள் இப்படிச் சொல்லியிருப்பாரா? ஆனாலும் போட்டாள். மருந்து நன்றாக இறங்கட்டும் என்று ஒரு அகப்பை கூடவே போட்டாள்.

பெட்டிகளைக் கழுவிக் காயவைத்தபோது இன்னொரு சங்கடம் வந்தது. அயல்வீட்டிலிருந்து கறி வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அவளுடைய வளவில் இல்லை. புளிக்கு நாலு தேசிக்காயாவது போட்டுத்தான் கொடுப்பாள். இவர்கள் காசுக்குச் சமைப்பவர்கள் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் மூடியைப் போடும்போது கை கேட்கமாட்டேன் என்றது. ஒரு பெட்டிக்குள் முருங்கையிலை உருவிப் போட்டாள். ஒன்றில் தேசிக்காய். ஒன்றில், ரோசத்தோடு, தானே காயவைத்த இறால் கருவாடு. என் கையும் சும்மா இல்லையென்று அந்தச் சமைக்கிறவளுக்கும் தெரியட்டும்!

றிஸ்வி பெட்டியைத் தூக்கிவிட்டுத் திகைத்தார். "அக்கா, இதுக்குள்ள என்னமோ கிடக்கு."

"கிடக்கட்டும். வெறும் பெட்டி குடுத்து எனக்குப் பழக்கமில்ல."

அடுத்த முறை வந்தபோது, "இறால் கருவாட்டுக்கு வீட்டில சண்டை வந்திட்டு அக்கா, ரெண்டு பேரும் பங்கு கேட்டம்" என்று சிரித்தார். சீதேவிக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோது தலையில் இடி விழுந்தது. சீனி இறங்கவில்லை. ஏறியிருந்தது! டொக்டர் விரலை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு கிழமை பார்ப்பம். அதுக்குப் பிறகு நான் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது" என்றார்.

திரும்பிவரும் ஓட்டோ பாலத்தில் ஏறும்போது யோகராசா வாவியைப் பார்த்தார். தோணிகள் நின்றன. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை சீதேவி கண்டாள். கத்தி அழவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

விதுர்ஷா போனில் கொதித்தாள். "ஏமாத்துக்காரர்! சீனி வருத்தத்துக்கெண்டு சொல்லி என்னத்தப் போட்டுச் சமைக்கிறாங்களோ! இண்டைக்கே நிப்பாட்டுறன்."

சீதேவி சந்தோசப்பட்டிருக்க வேண்டும். பார்த்தாயா, என் சமையலை விட்டால் இதுதான் கதி என்று சொல்லியிருக்க வேண்டும். அவளால் முடியவில்லை. இரண்டு கிழமைக்கு இனி எதை நம்புவது?

மறுநாள் உச்சி வெயிலில் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. றிஸ்வியின் பின்னாலிருந்து, பர்தா போட்ட, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கினாள். கையில் சீதேவி வீட்டுக்குரிய கடைசிப் பெட்டிகள்.

"நான்தான் நஸ்ஹா. நிப்பாட்டச் சொல்லி உங்கட மகள் போன் எடுத்தா. நிப்பாட்டினா நிப்பாட்டுங்க அக்கா, அது பரவாயில்ல. ஆனா நான் உப்பையும் அளந்து போடுறவள். சீனி ஏன் ஏறினதெண்டு எனக்குத் தெரியவேணும். ராவு முழுக்க நித்திர வரல்ல. மத்த வீட்டுல எல்லாம் வெறும் பெட்டிதான் வரும். உங்கட பெட்டியத்தான் நான் ஆசையாத் துறக்கிற. உங்களுக்குக் கெடுதல் செஞ்சிட்டனோ எண்டு கேக்காம இரிக்க ஏலாமப் போச்சு."

ஏச வேண்டுமென்று வாயைத் திறந்த சீதேவிக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் ஏச்சு வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடச் சொல்லாமலிருக்க அவளால் எப்படி முடியும்? "இரிங்க தங்கச்சி. தம்பி, நீங்களும் இரிங்க. எங்கட வீட்டில கைநனைச்சிட்டுத்தான் கதைக்கிறது" என்று குசினிக்குள் போனாள்.

முதலில் புருசனுக்குப் போட்டாள். பீங்கானில் சோற்றைக் குவித்தாள். குழி பறித்தாள். பெட்டியைக் கவிழ்த்தாள்.

உதவப் பின்னாலேயே வந்த நஸ்ஹா அந்தப் பீங்கானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது ஆருக்கு?"

"இவருக்குத்தான்."

"இந்தச் சோறு?"

"நான் ஆக்கினது. உங்கட மருந்தச் சோத்தோடதானே எடுக்க வேணும்?"

நஸ்ஹா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அல்லாஹ்! அக்கா, அதுதான் சாப்பாடே! அதுக்குள்ள இரிக்கிற ஒரு பிடிதான் அவருக்கு அளந்த சோறு!"

சத்தம் கேட்டு யோகராசாவும் றிஸ்வியும் குசினி வாசலுக்கு வந்தார்கள். பிறகு யோகராசா மெல்லக் கேட்டார்: "அப்ப ரெண்டு கிழமையா நான் ரெண்டு சாப்பாடா சாப்பிட்டனான்?"

றிஸ்விக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. யோகராசாவும் சிரித்தார். சீதேவி சிரிக்கவில்லை. "என்ர கையாலதானே போட்டன்! மருந்து இறங்கட்டும் எண்டு கூடக் கூடப் போட்டன்! இவர்ர விரல நானே திண்டிட்டனே தங்கச்சி!" என்று விம்மினாள்.

நஸ்ஹா எழுந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்னக்கா செய்வீங்க? கொண்டுவந்து தந்த நாங்க ஒரு வார்த்த செல்லல்லியே. சோறில்லாம ஒரு பகல் போகுமா எண்டு எனக்கே முதல்ல விளங்கல்ல. இனியும் நாள் இரிக்கி."

யோகராசா பீங்கானைத் தள்ளி வைத்தார். "பெட்டியில வந்தத மட்டும் போடு" என்றார். அன்று அவர் சாப்பிட்டு முடிக்க எடுத்த நேரத்தில் சீதேவிக்குக் கண்ணைத் துடைக்கக்கூட நேரம் போதவில்லை.

விதுர்ஷாவுக்குப் போன் போட்டு நிப்பாட்ட வேண்டாம் என்று சொன்னவள் சீதேவிதான். ஏன் என்று கேட்ட மகளிடம் உண்மையைச் சொன்னாள். "நானும் செல்லல்லியேம்மா" என்றாள் விதுர்ஷா. அடுத்து வந்த பெட்டிகளின் மூடிகளிலெல்லாம் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது: இதுதான் சாப்பாடு. இதோடு சோறு போட வேண்டாம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொன்னால் யோகராசாவுக்கு இப்போதும் கோபம் வரும். சீதேவி சோற்றுப் பானையையே கழுவிக் கவிழ்த்துவிட்டாள். தனக்குக் குரக்கன் ரொட்டியும் கீரைச் சுண்டலும் என்று முடித்துக்கொண்டாள். கண்ணுக்கு முன்னால் சோறிருந்தால் மனுசன் கை வைப்பாரென்று அவளுக்குத் தெரியாதா? மீன்காரன் வயிறு சும்மா இருக்குமா? "சிறையில கிடக்கிற மறியல்காரனுக்கும் சோறு குடுக்கிறாங்க!" என்று கத்துவார். "விரல் ஆறட்டும், அண்டா நிறைய ஆக்கித் தாறன்" என்று இவளும் கத்துவாள். ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டில் சோறு வடிக்கும் வாசம் வந்தால் அவர் வேலியோரம் போய் நிற்பார். இவள் பின்னாலேயே போய் நிற்பாள். ஒருநாள் கோயிலிலிருந்து சர்க்கரைப் புக்கை வந்தது. அவர் கண்ணில் படுமுன் சீதேவி அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், பிரசாதத்தை வீசக்கூடாதே என்ற பயத்தில், நின்ற நிலையில் அவ்வளவையும் தானே தின்றுதீர்த்தாள். இரவு வயிறு பொருமியது. வாயே திறக்கவில்லை.

கிளினிக் நாளன்று டொக்டர் கட்டைப் பிரித்தபோது சீதேவி பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் மாமாங்கேஸ்வரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சீனி நல்லா இறங்கியிரிக்கு. கறுப்பு பரவல்ல, உள்ளுக்குச் செந்தசை வருது" என்றார் டொக்டர். "விரல எடுக்கத் தேவையில்ல. ஆனா இதே சாப்பாடு தொடர வேணும். வெறுங்காலோட ஒரு அடி வைக்கப்படாது."

சீதேவி அந்த இடத்திலேயே டொக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

முழுக்க ஆற மேலும் காலம் எடுத்தது. பெட்டிகள் தொடர்ந்து வந்தன. வெறுமையாக ஒன்றும் திரும்பிப் போகவில்லை. கட்டு அவிழ்த்த மறுநாள் காலையில், இரவு பெய்த மழையில் முற்றத்து மணல் நனைந்து கிடந்தது. றிஸ்வியின் ஹோர்ன் சத்தம் கேட்டு சீதேவி பெட்டிகளைத் தேடினாள். காணவில்லை. வாசலுக்கு ஓடிவந்தாள்.

யோகராசா பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு தெருவோரப் படலையடிக்குப் போய்விட்டிருந்தார். வாசலிலிருந்து படலைவரை ஈர மணலில் அவருடைய காலடிகள் போயிருந்தன. சீதேவி முதல் அடிக்குப் பக்கத்தில் குந்தினாள். பெருவிரல் மற்ற நாலைவிட ஆழமாகப் பதிந்திருந்தது. அதன்மேல் மெதுவாகக் கையை வைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அடுத்த கணம்தான் அவளுக்கு உறைத்தது. துள்ளி எழும்பினாள்.

"இஞ்சாருங்க! செருப்பு எங்க? வெறுங்காலோட போகப்படாதெண்டு எத்தனை தரம் செல்லுற! அசையாம நில்லுங்க அங்கேயே, கொண்டுவாறன்!"

படலையடியில் அவர் அசையாமல் நின்றார். அவள் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், அந்தக் காலடிகளில் ஒன்றையும் மிதிக்காமல்.