வாய்தா நாள்

அப்பா விட்டுப்போன வீட்டுக்காக நானும் அண்ணனும் நடத்திய வழக்கு, இரண்டு பேர் தலையும் நரைத்த பிறகுதான் முடிந்தது. வீட்டை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளச் சொன்னார் நீதிபதி. கடைத்தெரு வீடு என்பதால் விலை எகிறிப்போயிருந்தது. பூட்டு ரிப்பேர் செய்து வயிற்றைக் கழுவும் எனக்கு, ஏழு ஜென்மம் சாவி வெட்டினாலும் சேராத பணம் வங்கியில் வந்து விழுந்தது.

விழுந்ததுதான் தாமதம், எல்லோருக்கும் என்மேல் அக்கறை பிறந்துவிட்டது. "ரெண்டு கடை வாங்கிப் போடுங்க, வாடகை வரும்" என்றார் பக்கத்துக் கடைத் தையல்காரர். பேனாவைக் கூடக் கயிறு கட்டிக் கொடுக்கும் வங்கியில், மேனேஜரே நாற்காலியை இழுத்துப் போட்டு டீ வாங்கித் தந்தார். செத்துப்போன என் மனைவியின் தம்பி போன் செய்தான்.

"ஊர் உலகத்தைச் சுத்திப் பாருங்க மாமா. யாருக்குச் சேர்த்து வெக்கப் போறீங்க?"

கேள்வி நியாயம்தான். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ஆசைக்கு ஒரு பெரிய மெத்தை வாங்கினேன். படுத்தால் பக்கத்திலிருந்த காலி இடமும் பெரிதாகத் தெரிந்தது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அண்ணனைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இத்தனை வருஷமும் வாய்தாவுக்கு வாய்தா பார்த்த முகம் அது. கோர்ட் வராந்தா பெஞ்சில் அவன் ஒரு கோடியில், நான் ஒரு கோடியில். நேருக்கு நேர் பேசுவதில்லை. பாவம், வக்கீல் குமாஸ்தா நடுவில் மாட்டிக்கொள்வார்.

"அந்தாளுக்கு இருமல் இன்னும் நிக்கலையா? கேளுங்க."

"என் இருமல் அவனுக்கெதுக்கு? முதல்ல சட்டைப் பித்தானை ஒழுங்காப் போடச் சொல்லுங்க அவனை."

குமாஸ்தா தலையில் அடித்துக்கொள்வார். நான் பித்தானைச் சரிசெய்துகொள்வேன். மற்ற நாளெல்லாம் என் பித்தானை யார் பார்த்தார்கள்?

தீர்ப்போடு அதுவும் போயிற்று. வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் "உன் நிழல்கூட என் வாசல்ல விழக் கூடாது" என்றவன் வாசலில் எந்த மூஞ்சியோடு போய் நிற்பது? வீம்புதான். எங்கள் குடும்பத்தில் சொத்தைவிட அது அதிகம்.

யோசித்து யோசித்துக் கடைசியில் பணத்தை என்ன செய்வதென்று முடிவு செய்தேன். வக்கீலிடம் போனேன்.

"அப்பீல் போடுங்க சார். வீடு வித்த பணம் மொத்தமும் எனக்கேன்னு."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "வலிய வந்த சீதேவியை எட்டி உதைக்கிறீங்களே. இது ஜெயிக்காதுங்க."

"ஜெயிக்க வேணாம். இழுத்துக்கிட்டே போனாப் போதும். எவ்வளவு ஆனாலும் தரேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இருந்தாலும் வருகிற பீஸை வேண்டாமென்று சொல்ல அவருக்கென்ன பைத்தியமா? அண்ணனுக்கு நோட்டீஸ் போனது.

வாய்தா அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். கூட்டம் வந்தது, போனது. அண்ணன் வரவில்லை. அவனுடைய வக்கீல் மட்டும் வந்து, நீதிபதி முன்னால் எழுந்து நின்றார். தன் கட்சிக்காரருக்கு ஆட்சேபணை இல்லை, அவர் பங்கையும் தம்பிக்கே விட்டுக்கொடுக்கிறார் என்றார். ஒரு கொட்டாவி விடுகிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

வராந்தாவில் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவன் எங்க சார்? உடம்புக்கு ஏதாவதா?"

"நல்லாத்தான் இருக்கார். நோட்டீஸைப் படிச்சுட்டு மடிச்சு என் மேஜையிலயே வெச்சார். அப்புறம், 'அவனுக்குப் பணம்தான் பெருசுன்னா எல்லாத்தையும் அவனே வெச்சுக்கட்டும். இனி எனக்குத் தம்பியே இல்லை'ன்னுட்டார்."

எனக்குப் பணம் வேண்டாம் என்று அவனிடம் யார் போய்ச் சொல்வது? நான் சொன்னால் நம்புவானா?

என் வக்கீல் வாயெல்லாம் பல்லாக வந்து கை குலுக்கினார். "உங்களுக்கு யோகம்தான் போங்க! முழுசும் உங்களுக்கே!"

"அடுத்த வாய்தா எப்போ சார்?" என்றேன்.

"வாய்தாவா? கேஸே முடிஞ்சுபோச்சேங்க" என்றார் அவர்.