பூனைக்குப் பிடித்த துணி

வீட்டுக்கு இன்னும் வந்தே சேராத ஒரு பூனைமேல் ஒரு மனிதருக்குப் பொறாமை வருமா என்றால், வரும். சோபாக்காரருக்கு வந்தது. பழைய சோபாக்களுக்குப் புதுத் துணி போர்த்திக் கொடுப்பது அவர் தொழில். பஞ்சு, ஆணி, சுத்தியல் என்று பொழுது விடிந்தால் பட்டறையில்தான் கிடப்பார். அவருடைய மனைவி ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், "நாம ஒரு பூனை வளக்கலாமா?" என்று கேட்டாள். கேட்டதோடு விட்டாளா? கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "கண்ணப் பாருங்களேன், என்ன அழகு!" என்றாள். தன் கண்ணைப் பற்றி அவள் இப்படி எப்போதாவது சொல்லியிருக்கிறாளா என்று சோபாக்காரர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வயிறு எரிந்தது.

எரிச்சலைக் காட்டிக்கொள்ளாமல் பெரிய மனுஷன்போலப் பேசினார். "கொண்டு வர்றதுக்கு முன்னாடி நாலையும் யோசிக்கணும்மா. பூனைன்னா பதினஞ்சு வருஷம்கூட இருக்கும். நாம வெளியூர் போனா யார் பாத்துக்கறது? ஊசி, மருந்துன்னு யார் அலையறது? முடி வேற கொட்டும். எனக்குத் தும்மல் வரும்."

"பக்கத்து வீட்டுப் பூனையத் தாண்டித்தான் தினமும் போறீங்க. ஒரு தும்மல் வந்து நான் பாத்ததில்லையே."

மூக்கு உடைந்தாலும் மனுஷன் விடவில்லை. "சரி, சோபா? ஒரே வாரத்துல பிராண்டித் தள்ளிடும்."

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே. நகம் மாட்டாத வழவழப்புத் துணியாப் பாத்துப் போட்டுக் கொடுங்க."

பூனைக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வீட்டைப் பார்க்க வந்தாள். ஜன்னலுக்கு வலை இருக்கிறதா, பூனை வெளிக்குப் போக மண் தட்டை எங்கே வைப்பீர்கள், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று துருவித் துருவிக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் மனைவியிடம் பதில் தயாராக இருந்தது. சோபாக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் அந்தப் பெண், "முதல்ல ஒரு வாரம் வச்சுப் பாருங்க. ஒத்து வரலேன்னா நாங்களே திருப்பி எடுத்துக்கறோம்" என்றாள். அவர் காதில் தேன் பாய்ந்தது.

பட்டறை மூலையில் விலைபோகாத துணி ஒன்று சுருட்டிக் கிடந்தது. முரட்டு நூலில் வளையம் வளையமாக நெய்தது. வாங்க வருகிறவர் வீட்டில் பூனை இருக்கிறது என்று தெரிந்தால் அதை அவர் கண்ணில்கூடக் காட்டமாட்டார். பூனை நகத்துக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. அதையே கொண்டுவந்து வீட்டு சோபாவுக்குப் போர்த்தினார். "நல்லா உழைக்கிற துணி" என்று மனைவியிடம் கூசாமல் சொன்னார். அவள் ஒரு தடவை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.

பூனை வந்தது. செல்லம் என்று பேரும் வந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சுக்குக் குறைவே இல்லை, எல்லாம் செல்லத்தோடுதான். சோபாக்காரரிடம் அவள் பேசியது சாப்பாடு ஆயிற்றா, கதவு பூட்டியாயிற்றா, அவ்வளவுதான். கட்டிய மனைவி பேசுவதைக் குளியலறைக்குள் நின்று ஒட்டுக்கேட்கும் நிலைமைக்கு மனுஷன் வந்துவிட்டார். மாடி வீட்டுக்காரி போட்ட சண்டை, விடியற்காலையில் வந்த கனவு, எதையும் பூனையிடம் அவள் பாக்கி வைக்கவில்லை. "முட்டி வலி உயிர் போகுதுடா செல்லம்" என்று ஒரு நாள் சொன்னாள். சோபாக்காரருக்குப் பகீரென்றது. அவளுக்கு முட்டி வலி என்பதே அவருக்குத் தெரியாது. நேற்று வந்த பூனைக்குத் தெரிந்திருக்கிறது!

துணி மட்டும் அவரைக் கைவிடவில்லை. ஒரு வாரத்தில் சோபாவின் கைப்பிடி இரண்டும் நார் நாராகத் தொங்கின. காப்பகத்துப் பெண் வந்ததும் வாசலிலிருந்தே அவளைக் கூட்டிப்போய், "பாருங்க அநியாயத்த" என்று காட்டினார்.

அவள் குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "சார், இந்தத் துணியப் போட்டது நீங்களா? பூனை பிராண்டறதுக்கு இதவிட நல்லது கிடையாது. பிராண்ட ஒரு பலகை வாங்கி வைக்கவே மூக்கால அழறவங்கதான் அதிகம். நீங்க முழு சோபாவையே கொடுத்திருக்கீங்க! இனி நான் பாக்க ஒண்ணுமில்ல. செல்லம் உங்களுக்குத்தான்."

அசடு வழிய அவளை வழியனுப்பிவிட்டுத் திரும்பினார். மனைவி சோபாவில் உட்கார்ந்திருந்தாள், மடியில் செல்லம்.

"தொட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள். "பட்டறையில உங்ககூட உக்காந்து எத்தன வருஷம் உறை தெச்சிருக்கேன்?"

தைத்தாள்தான். அதை அவர் சுத்தமாக மறந்துபோயிருந்தார்.

"அப்ப ஏன் சொல்லல?"

"எது வரைக்கும் போவீங்கன்னு பாத்தேன்."

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று அவரும் கொட்டிவிட்டார். "ஆமா, பொறாமைதான். முட்டி வலின்னு அதுகிட்ட சொல்ற. என்கிட்ட சொன்னியா?"

"சொல்றதுக்கு நீங்க எப்ப வீட்டுல இருந்தீங்க? முன்னெல்லாம் தெச்சுக்கிட்டே உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லுவேன். தையலுக்கு ஆள் வந்ததும், இனி நீ வீட்டுல நிம்மதியா இருன்னு அனுப்பிட்டீங்க." அவள் குரல் உயரவில்லை, கை மட்டும் பூனையைத் தடவிக்கொண்டே இருந்தது. "ஒரு பூனையக் கொண்டு வர முடி, மருந்து, பதினஞ்சு வருஷம்னு எவ்வளவு யோசிச்சீங்க! என்னை வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எதையாவது யோசிச்சீங்களா?"

சோபாக்காரர் பட்டறைக்குப் போன் போட்டு, இன்றைக்கு வரப்போவதில்லை, ஆட்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். சோபாவின் மறு ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. மாடி வீட்டுக்காரியின் சண்டையில் விட்ட இடத்திலிருந்து செல்லத்திடம் சொல்ல ஆரம்பித்தாள். பூனையைப் பார்க்கப் பார்க்க இன்னும் வயிறு எரியத்தான் செய்தது. இருந்தாலும் குறுக்கே பேசாமல், தன் முறை வரும் வரை சோபாக்காரர் உட்கார்ந்திருந்தார்.